குகைக் கல் சொல்லும் மழைக் கணக்கு

கிணறு தோண்டுவோர் நீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்று கேட்பர். நல்ல நீரா, உப்பு நீரா என்று கேட்பர். கோடையில் வற்றாதிருக்குமா என்றும் கேட்பர். அந்நீர் எந்தக் காலத்தில் பெய்த மழை என்று கேட்பார் அரியர். உண்மையில் கேட்கத்தக்க கேள்வி அதுவே. சென்ற ஐப்பசியில் பெய்த மழை நம் கிணற்றில் ஊறுமாயின், இறைத்ததை அடுத்த ஐப்பசி ஈடுசெய்து தரும். நம் பாட்டனாரின் பாட்டனார் பிறப்பதற்கும் முன்பு பெய்த மழை ஊறுமாயின், இறைத்தது இறைத்ததே; அதனை மீட்டுத் தர நம் வாழ்நாளில் ஒரு மழையும் வாராது.

பூமிக்கடியிலுள்ள நீர் பழைய மழையின் சேமிப்பு. ஆகையால் அச்சேமிப்பின் நிலையை அறிய விரும்புவோர் பழைய மழையின் வரலாற்றையும் அறிதல் வேண்டும். மழையை அளக்கும் கருவிகள் நம் நாட்டில் வந்து இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகின்றன. அதற்கு முந்திய காலத்து மழையை யார் அளந்தார்கள்? யாரும் அளக்கவில்லை. ஆயினும் அக்கணக்கு முற்றும் அழிந்துபோகவில்லை. அது மலைக்குகைகளில் கல்லாக உறைந்து கிடக்கிறது. அக்கல்லைப் படிப்பதற்கென்றே இன்று இளம் ஆராய்ச்சி மாணவர்கள் அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்றுப் பல ஆண்டுகள் உழைத்து டாக்டர் பட்டம் பெறுகின்றனர். அவர்கள் செய்வது யாது, அதனால் தறிக்கும் ஏருக்கும் வரும் பயன் யாது என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தக் குகை?

குகை என்றதும் காஞ்சி வாழ் மக்களுக்கு மாமண்டூர் நினைவுக்கு வரும். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த குகைக் கோயில்கள் அங்கே உள்ளன. பக்கத்தில் சித்திரமேக தடாகம் என்று பெயர் பெற்ற பேரேரி பரந்து கிடக்கிறது. அவை மனிதன் உளியால் குடைந்த குகைகள். நாம் பேசப்போவது நீர் குடைந்த குகைகளைப் பற்றி. சுண்ணாம்புக்கல் மலைகளில் மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகள் புகுந்து புகுந்து கல்லைக் கரைத்து உண்டாக்கியவை அவை. ஆந்திர நாட்டின் பேலம் குகைகளும், மேகாலயத்தின் மாம்லு குகையும், சத்தீஸ்கரின் பஸ்தர்ப் பகுதியிலுள்ள தண்டக் குகையும் அவ்வகையின.

நீர் கல்லைக் கரைக்குமோ என்று ஐயுறுவோர் நம் சாயப்பட்டறைக்குச் சென்று பார்த்தால் போதும். கோறாப் பட்டின் பசையை நீக்கச் சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்க வைக்கும்போது, சில கிணறுகளின் நீரில் சோப்பு நுரைப்பதில்லை. வெண்மையாகத் திரிந்து மிதக்கிறது. அந்நீரில் சாயம் ஏற்றினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது. பலகாலம் நீர் கொதித்த பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிகிறது. இதனையே கடின நீர் என்கிறோம். நீரில் கரைந்துள்ள சுண்ணச் சத்தே இதற்குப் பெரிதும் காரணமாகும். மழைநீர் மண்ணினூடே இறங்கும்போது, வேர்கள் மூச்சுவிடுவதாலும் இலை தழைகள் மக்குவதாலும் உண்டாகும் கரியமில வாயுவை உட்கொண்டு சிறிது புளிப்புத் தன்மை அடைகிறது. அப்புளிப்பு, மண்ணிலுள்ள சுக்கான் கல்லையும் பிற சுண்ணப் பொருள்களையும் கரைத்துக்கொள்கிறது. கொதிக்க வைத்தால் கரியமில வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணம் மீண்டும் கல்லாகப் படிகிறது.

பட்டறைப் பாத்திரத்தில் நிகழ்வதே குகையிலும் நிகழ்கிறது. ஆனால் அங்கே அடுப்பு இல்லை. மேலேயுள்ள மண்ணில் வாயுவை நிறைய உட்கொண்டு வந்த நீர், குகையின் கூரையில் துளிர்த்து வெளிக்காற்றைக் கண்டதும், அவ்வாயுவில் ஒரு பகுதியை விட்டுவிடுகிறது. விட்ட அளவுக்குச் சுண்ணம் படிகிறது. கூரையில் படிவது விழுதுபோலத் தொங்குகிறது. துளி வீழ்ந்த இடத்தில் படிவது தரையிலிருந்து தூண்போல எழுகிறது. இவ்வளர்ச்சி மிக மெதுவானது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், முழங்கால் உயரத் தூண் எழ ஐயாயிரம் ஆண்டுகள் செல்லும். தறியில் ஊடை மேல் ஊடையாகச் சேலை வளர்வதுபோல, ஆண்டு மேல் ஆண்டாக அக்கல் வளர்கிறது.

கல்லைப் படிக்கும் முறை

சேலையைப் பிரித்துப் பார்த்தால் எந்த இடத்தில் எந்த நூல் கோக்கப்பட்டது என்று நெசவாளர் சொல்லிவிடுவர். ஆராய்ச்சி மாணவரும் அதையே செய்கிறார். தூணை நெடுக்கில் இரண்டாக அறுத்து மெருகேற்றினால் படலங்கள் வரிவரியாகத் தெரியும். பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற நுண்ணிய துளைப்பானால், அடியிலிருந்து நுனிவரை சிறு சிறு இடைவெளியில் சிட்டிகைப் பொடி எடுக்கிறார். அப்பொடியிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார்.

முதற் கேள்வி: உன் வயது என்ன? நீரில் யுரேனியம் மிகச் சிறிதளவு கரைந்து வரும். தோரியம் அநேகமாகக் கரையாது. ஆகவே புதிதாகப் படிந்த கல்லில் யுரேனியம் இருக்கும், தோரியம் இராது. காலம் செல்லச் செல்ல யுரேனியம் சிதைந்து தோரியமாக மாறிக்கொண்டே வரும். வைப்புத் தொகைக்கு வட்டி இன்ன விகிதத்தில் ஏறும் என்பது தெரிந்தால், ஏறியிருக்கும் வட்டியைப் பார்த்துப் பணம் போட்ட நாளைச் சொல்லிவிடலாம் அன்றோ? அவ்வாறே கல்லில் சேர்ந்துள்ள தோரியத்தின் அளவைக் கொண்டு அது படிந்த ஆண்டைக் கணிக்கின்றனர். சில இலட்சம் ஆண்டுகள் வரையில் இம்முறை செல்லும்.

இரண்டாம் கேள்வி: நீ படிந்தபோது மழை எப்படி இருந்தது? நீரிலுள்ள பிராணவாயுவில் இலேசான அணுவும் உண்டு, கனமான அணுவும் உண்டு. ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டே கனமானவை. மேகம் மழையைப் பொழியும்போது கனமான அணுக்களைக் கொண்ட நீர் முந்தி வீழ்கிறது. பருவமழை வலுத்து மேகங்கள் ஓயாது பொழியும் ஆண்டுகளில், எஞ்சிவரும் மழையில் கனமானவை குறைந்திருக்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் கூடியிருக்கும். அந்த மழையே குகையில் சொட்டுவதால், அதே வேறுபாடு கல்லிலும் பதிகிறது. குகையின் வெப்பம், மேகம் வந்த திசை முதலியவையும் இக்கணக்கை ஓரளவு மாற்றக்கூடும். அதனால் ஒரே கல்லை நம்பாமல், பல கற்களையும் பல குகைகளையும் ஒப்பிட்டே முடிவு கூறுகின்றனர்.

ஆராய்ச்சியும் அதற்கான பொருளும்

இத்துறையில் நம் நாட்டில் முன்னின்ற நிலையங்களுள் ஒன்று, விக்ரம் சாராபாய் 1947இல் அகமதாபாத்தில் நிறுவிய பௌதிக ஆராய்ச்சிக் கூடம். அங்கே பணியாற்றிய ஆர். ரமேஷும் எம். ஜி. யாதவாவும் கருநாடகத்தின் அகலகாவி குகைக் கல்லிலிருந்து 331 ஆண்டுகளின் மழை வரலாற்றை வகுத்து 2004இல் வெளியிட்டனர். பஸ்தரின் தண்டக் குகையையும் ஒரிசாவின் குப்தேசுவர் குகையையும் பற்றி 2005இல் எழுதினர்.

இத்தகைய ஆராய்ச்சியின் உழைப்பில் பெரும்பங்கு மாணவர்களுடையது. தேசியத் தேர்வில் தேறியவர்க்கு மத்திய அரசு நிறுவனங்கள் உபகாரச் சம்பளம் வழங்குகின்றன. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் அளிக்கப்பட்டு வந்துள்ளன. ஐந்தாண்டு உழைப்பின் முடிவில் கையில் நிற்பது சாண் நீளக் கல்லும் ஒரு வளைகோட்டுப் படமுமாக இருக்கலாம். இதற்கா நம் வரிப்பணம் என்று சிலர் வினவக்கூடும். அக்கோடு எதைக் காட்டியது என்பதைப் பார்த்தபின் அவ்வினாவுக்கு விடை கூறுவோம்.

கல் காட்டிய வறட்சிகள்

தண்டக் குகைக் கல்லொன்றை ஆராய்ந்த அசிஷ் சின்காவும் அவர் குழுவினரும், கி.பி. 600 முதல் 1500 வரை தொள்ளாயிரம் ஆண்டுகளின் பருவமழை வரலாற்றை 2007இல் வெளியிட்டனர். பதினான்காம் நூற்றாண்டிலும் பதினைந்தாம் நூற்றாண்டிலும் மழை ஓரிரு ஆண்டுகள் பொய்த்ததோடு நில்லாமல், பல பத்தாண்டுகள் தொடர்ந்து குன்றியிருந்ததை அக்கல் காட்டியது. தக்காணத்தை 1396இல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் வாட்டியதாக மரபில் கூறப்படும் துர்க்காதேவிப் பஞ்சம் அக்காலத்ததே.

1876ஆம் ஆண்டின் தாது வருஷப் பஞ்சத்தை நம் முன்னோர் மறக்கவில்லை. அதுவே இந்நாடு கண்ட பெரும் வறட்சி என்று நாம் எண்ணியிருந்தோம். மழைமானி கொண்டு அளந்த காலத்திலே காணாத நெடிய வறட்சிகள் அதற்கு முன் வந்து சென்றிருக்கின்றன என்று குகைக் கல் சாட்சி சொல்கிறது. ஒருமுறை வந்தது மீண்டும் வரலாம். ஏரிக்கும் அணைக்கும் ஆழ்கிணற்றுக்கும் திட்டம் வகுப்போர் சென்ற நூறு, நூற்றைம்பது ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது என்பது இதனால் விளங்கும். அந்தச் சாண் நீளக் கல்லுக்கு நாம் கொடுத்த விலை மிகையன்று என்பதற்கு இதுவே விடை.

இதனினும் பழைய செய்தி ஒன்று மேகாலயத்தின் மாம்லு குகையிலிருந்து வந்தது. இற்றைக்கு 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்த அடையாளம் அங்குள்ள ஒரு கல்லில் தெளிவாக இருந்தது. உலகின் பல பகுதிகளில் அதே காலத்தில் வறட்சி நேர்ந்ததற்குச் சான்றுகள் உள்ளன. பூமியின் வரலாற்றில் நாம் வாழும் காலப் பகுதிக்கு அக்கல்லையே எல்லைக் கல்லாகக் கொண்டு, மேகாலயக் காலம் என்ற பெயரைச் சர்வதேச நிலவியல் சங்கம் 2018இல் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டுக் குகையின் ஒரு துண்டு உலகக் காலக் கணக்கின் எல்லையாயிற்று.

தமிழகத்துக்கு உரிய சான்று

மேற்கூறிய குகைகள் தென்மேற்குப் பருவமழையின் கணக்கையே பெரிதும் எழுதி வைத்துள்ளன. நம் பகுதிக்கு ஆடி, ஆவணி மழையும் உதவுகிறது. ஆனால் ஏரிகளை நிரப்புவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே. காஞ்சியைச் சுற்றியிருப்பவை கருங்கல் பாறையும் களியும் மணலுமாதலால், இங்கே சொட்டுக்கல் குகைகளைத் தேடிப் பயனில்லை. எனினும் தமிழகத்தில் வேறு இரண்டு ஏடுகள் கிடைத்துள்ளன.

ஒன்று நீலகிரியின் சதுப்பு மண். ஆண்டாண்டாக மக்கிப் படிந்த புல்லும் செடியும் அங்கே அடுக்கடுக்காக உள்ளன. வறண்ட காலத்தில் ஓரினப் புல்லும், ஈரமான காலத்தில் வேறினச் செடிகளும் மிகுதியாக வளரும். அவற்றின் கரிச்சத்தில் உள்ள வேறுபாட்டைக் கொண்டு ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் இருபதாயிரம் ஆண்டுகளின் வரலாற்றை 1993இல் வெளியிட்டனர். பனியுகத்தின் உச்சத்தில் நம் மலைகள் வறண்டிருந்தன என்பதும், பின்னர் ஈரம் மிகுந்து, மீண்டும் குன்றியது என்பதும் அதனால் தெரியவந்தன.

மற்றொன்று நிலத்தடி நீரே. ஐதராபாத்திலுள்ள தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. எஸ். சுகிஜாவும் அவருடன் பணியாற்றியோரும் நெய்வேலி, திருவாடானைப் பகுதிகளின் ஆழ்நிலை நீரை ஆராய்ந்து 1998இல் எழுதினர். நீரில் கரைந்துள்ள கரிச்சத்திலும் ஒரு கடிகாரம் உண்டு. அதிலுள்ள கதிரியக்கக் கரி 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அக்கடிகாரத்தைக் கொண்டு பார்த்தபோது, களிப்படலங்களுக்கு அடியில் அடைபட்ட அந்நீரில் ஒரு பகுதி முப்பதாயிரம் ஆண்டுகள் வரை பழமையானது என்று தெரிந்தது. பழைய தட்பவெப்பத்தின் அடையாளமும் அதில் இருந்தது. குகைக் கல் பழைய மழையின் கணக்கேடு மட்டுமே. இங்கேயோ பழைய மழையே கையில் இருக்கிறது, அதைத்தான் இறைக்கிறோம்.

நம் காலடியில் உள்ளது

நம் சங்கத்தின் வரவு செலவை அறிந்த அங்கத்தினர்களுக்கு இதனை விளக்குவது எளிது. சங்கத்தில் நாள்தோறும் புழங்கும் பணம் ஒன்று. லாபத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் ஒதுக்கிச் சேர்த்த சேமநிதி மற்றொன்று. பாலாற்று மணலில் ஊறும் நீரும், ஏரிக்கருகேயுள்ள திறந்த கிணற்றின் நீரும் புழங்கும் பணம் போன்றவை. மழை வந்தால் ஏறும், இறைத்தால் இறங்கும். ஆற்றுப் படுகையில் ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குப் பாய்ச்சிய நம் முன்னோர் இப்பணத்தைக் கொண்டே வாழ்ந்தனர். பாலாற்று நீரில் அலசினால் பட்டுக்குப் பொலிவு கூடும் என்று நெசவாளர் சொல்லி வந்ததும் இந்நீரைப் பற்றியே. களிப்படலத்துக்குக் கீழே நெடுங்காலம் தங்கிய ஆழ்நீர் சேமநிதி போன்றது. ஆழம் கூடிய இடமெல்லாம் நீர் பழமையானது என்று சொல்ல முடியாது. பாறைப் பிளவு வழியே புது மழையும் விரைந்து இறங்கும். நீரைச் சோதித்தே உண்மையை அறியலாம். 1952க்குப் பின் நடந்த ஐதரசன் குண்டுச் சோதனைகளால் மழையில் டிரிடியம் என்னும் கதிரியக்க ஐதரசன் மிகுந்தது. அக்குறி காணப்படும் நீர் அதற்குப் பின் பெய்த மழையைக் கொண்டது. காணப்படாத நீர் முந்தியது.

கருங்கல் பாறை நிலத்தில் பெய்யும் மழையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் பெரும்பாலும் நிலத்தடிக்குச் சேர்கிறது. எஞ்சியது ஓடிவிடும், ஆவியாகும், பயிரால் உறிஞ்சப்படும். அந்தப் பங்கைக் கூட்டுவன ஏரிகள். 2015 கார்த்திகையில் நம் பகுதியும் சென்னையும் வெள்ளத்தில் மிதந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில் சென்னை குடிநீருக்குத் தவித்தது. மழை பெய்யாததோடு, பெய்த மழையைத் தேக்காததும் அத்தவிப்புக்குக் காரணம்.

அளவைப் போலவே தூய்மையும் கவலைக்குரியது. மெல்ல இறங்கும் நீர் மெல்லவே வெளியேறும். குகைக் கல்லில் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய மழையின் அடையாளம் அழியாமல் இருப்பதுபோல, நிலத்தில் நாம் இறக்கிய அழுக்கின் அடையாளமும் எளிதில் அழியாது. பாலாற்றின் மேற்பகுதியில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் கிணறுகள் கெட்டமை பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஒரு நாளில் வரும். கிணறு ஒரு நாளில் திருந்தாது. சாயத்தொட்டியின் கழிவை மண்ணில் குழி தோண்டி விடும் எவரும் இதனை நினைத்தல் வேண்டும். அக்குழியில் இறங்குவது அடுத்த தெருவின் கிணற்றில் ஊறக்கூடும்.

நாம் செய்யத்தக்கவை

இவ்வாராய்ச்சியில் நம் அங்கத்தினர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கிணறுடைய ஒவ்வொருவரும் மழைக்கு முன் வைகாசியிலும், மழைக்குப் பின் தை மாதத்திலும் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து, நாளும் அடியும் குறித்து வைக்கலாம். பத்தாண்டுக் குறிப்பு சேர்ந்தால், நம் ஊரின் சேமநிதி ஏறுகிறதா, கரைகிறதா என்பது எவருக்கும் விளங்கும். அக்குறிப்பை ஆராய்ச்சியாளரும் நன்றியோடு ஏற்பர். ஏரிக்கு நீர் வரும் கால்களை ஆவணிக்குள் தூர்வாருவதும், மழைநீர்ச் சேகரிப்பைப் பேணுவதும் அடுத்த கடமை. கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு 2003இலேயே நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்டது; மண் அடைத்த தொட்டி சட்டத்துக்குக் கணக்காகலாம், நிலத்துக்கு ஆகாது. சாயப்பட்டறைகள் தனித்தனியே செய்ய இயலாத கழிவுச் சுத்திகரிப்பைச் சங்கமாகக் கூடிச் செய்தல் இயலும்.

இது நமக்குப் புதிய வழியன்று. நம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. ஏரியைக் காப்பது அரசன் ஒருவனது வேலையன்று, ஊராரின் கூட்டுப் பொறுப்பு என்று அவர்கள் கொண்டிருந்தனர். தண்டக் குகைக் கல் காட்டும் காலத்தினுள்ளே அவ்வாண்டுகளும் அடங்கும். அவர்கள் ஏரியைக் காத்த காலத்து மழை, பஸ்தர்க் குகையில் கல்லாகப் படிந்துகொண்டிருந்தது.

இவ்வாண்டு பெய்யும் மழையும் எங்கோ ஒரு குகையில் ஒரு மெல்லிய படலமாகப் படியும். நாம் அம்மழையை ஏரியில் தேக்கினோமா, கடலுக்கு விட்டோமா என்பதை அக்கல் சொல்லாது. அதைச் சொல்லப்போவது நம் பேரப்பிள்ளைகளின் கிணறு. ஆகவே வரும் ஐப்பசிக்கு முன்னரே ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் ஏரிக்காலைப் பற்றியும் கிணற்றுக் குறிப்பைப் பற்றியும் ஒரு தீர்மானம் எடுத்து, அதனைச் செயலாக்கத் தொடங்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.